புது வண்டியின் நடுக்கம்

வட அமெரிக்காவின் பண்ணைகளிலும் காடுகளிலும் மலைப்பாதைகளிலும் இன்று பரவலாக ஓடும் யு.டி.வி. என்னும் வாகனம், சாலைக்காக வடிவமைக்கப்பட்ட காரும் அன்று, வயலுக்கான டிராக்டரும் அன்று. இருவர் அல்லது மூவர் அருகருகே அமரும் இருக்கை, பின்புறம் தீவனமூட்டையோ விறகோ ஏற்றுவதற்கான சிறு தொட்டி, கவிழ்ந்தாலும் பயணிகள் நசுங்காதபடி தலைக்கு மேல் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, குறைந்த காற்றழுத்தத்தில் சேற்றிலும் மணலிலும் பிடித்து ஓடும் தடித்த டயர்கள் ஆகியவையே அதன் அடையாளங்கள். கவாசாகி நிறுவனம் 1988இல் 'மியூல்' என்ற பெயரில் வெளியிட்ட வண்டி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கி, வேகமும் விலையும் ஏற ஏற, வாங்குவோரின் எதிர்பார்ப்பும் காருக்குரிய அளவுக்கு உயர்ந்துவிட்டது.

எதிர்பார்ப்பு உயர்ந்ததனாலேயே, புதிதாக வாங்கிய வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்குகிறது என்ற முறையீடும் விற்பனையகங்களில் அடிக்கடி எழுகிறது. அதற்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: "இந்த வண்டிகள் எல்லாமே இப்படித்தான்" என்பது ஒன்று; "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் சிறிது உண்மை உண்டு என்பதுதான் சிக்கலே. சில நடுக்கங்கள் வடிவமைப்போடு பிறந்தவை. சில, சில மணிநேர ஓட்டத்தில் உண்மையிலேயே மறைபவை. எஞ்சியவையோ ஓட ஓடத் தாங்கியையும் இணைப்பையும் தின்றுகொண்டே போகும் பழுதுகள். இம்மூன்றையும் பிரித்தறியாமல் டயரை மாற்றுவதும், அது பயன்படாதபோது ஷாஃப்டை மாற்றுவதும், பிறகு பெல்ட்டை மாற்றுவதுமாகச் செலவு செய்வோர் பலர். பிரித்தறிவதற்கான வழி, வண்டியில் சுழலும் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய விகிதத்தில் சுழல்கிறது என்ற எளிய உண்மையில் இருக்கிறது.

அதிர்வு ஒரு நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை அதிர்வெண் என்றும், நொடிக்கு ஒரு முறை என்பதை 1 ஹெர்ட்ஸ் என்றும் குறிப்பது வழக்கம். 27 அங்குல விட்டமுள்ள டயர், வண்டியின் எடையால் சற்று அமுங்கிய நிலையில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும். ஆகவே மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 13.9 மீட்டர் செல்லும்போது, சக்கரம் நொடிக்கு 6.6 முறை சுற்றும். சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் வண்டி 6.6 ஹெர்ட்ஸில் குலுங்கும். சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் நீண்ட சுழல்தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட், இடையிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம் 4:1 என்று கொண்டால், அதே வேகத்தில் நொடிக்கு 26 முறை சுற்றும். நிமிடத்துக்கு 4,500 சுற்றுகள் சுழலும் எஞ்சினோ நொடிக்கு 75 முறை சுற்றும். இடுப்பை ஆட்டுவது போன்ற மெதுவான குலுக்கலையும், பாதத்தில் குறுகுறுக்கும் நடுக்கத்தையும், கைப்பிடிக் கம்பியில் கேட்கும் ரீங்காரத்தையும் ஒரே சொல்லால் 'வைப்ரேஷன்' என்று குறிப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது. உடம்புக்கு இவை மூன்றும் வெவ்வேறு உணர்வுகள், வண்டியில் இவை மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர் மாற்றும் பெட்டிக்கு முன்பாக சி.வி.டி. என்னும் தொடர்மாற்றுச் செலுத்தம் இருக்கிறது. இரு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஓடும் ஓர் அகன்ற ரப்பர் பெல்ட், கப்பிகளின் பக்கத் தகடுகள் நெருங்கியும் விலகியும் பெல்ட் ஓடும் விட்டத்தை மாற்றிக்கொண்டே இருத்தல் என்பதே அதன் இயக்கம். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் தன் காரில் இதைப் பயன்படுத்தியது. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் இருப்பது இதே தத்துவம்தான். இதனால் ஓட்டத்துக்குக் கிடைக்கும் வசதி ஒருபுறமிருக்க, பழுது தேடுவோருக்கும் இதில் ஒரு பெரும் அனுகூலம் உண்டு. சாதாரண கியர் வண்டியில் ஒரு கியரில் வண்டியின் வேகமும் எஞ்சினின் சுற்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, சி.வி.டி. வண்டியிலோ மணிக்கு 50 கி.மீ. வேகத்தைச் சமதளத்தில் மிதமான ஆக்ஸிலரேட்டரோடு குறைந்த சுற்றிலும், மேட்டில் அழுத்தி மிதித்து உயர்ந்த சுற்றிலும் அடையலாம். நடுக்கம் இரு நிலைகளிலும் அதே 50இல் தோன்றுமானால் அதன் வேர் கப்பிகளுக்குப் பின்னால், அதாவது ஷாஃப்டிலோ அச்சிலோ சக்கரத்திலோ இருக்கிறது. எஞ்சினின் சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்குமானால் எஞ்சினிலோ அதன் தாங்கிகளிலோ முன் கப்பியிலோ இருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சில நொடிகள் மட்டும் சுற்றை உயர்த்திப் பார்ப்பது இதற்குத் துணையான மற்றொரு சோதனை: சக்கரங்கள் அசையாத இந்நிலையிலும் நடுக்கம் இருந்தால் சக்கரங்களை ஐயுறுவதற்கு இடமில்லை. ஓடும் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி உருட்டிப் பார்ப்பது கார்களில் கையாளப்படும் உத்தி. இவ்வண்டிகளில் திரும்பவும் கியரில் போடும்போது பற்கள் அரைபட வாய்ப்புண்டு என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

சக்கரத்திலிருந்து எழும் குலுக்கலை மக்கள் மற்றெதைவிடவும் கடுமையாக உணர்வதற்கு உடலியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. முழு உடல் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 2631, அமர்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தான அதிர்வுகளில் ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானவற்றுக்கே மிகுதியாக எதிர்வினை ஆற்றுகிறது என்ற அடிப்படையில் அமைந்தது. மேலே கணக்கிட்ட 6.6 ஹெர்ட்ஸ் இந்த எல்லையின் நடுவில் வந்து உட்காருகிறது. மணிக்கு 30 முதல் 60 கி.மீ. வரை என்னும், இவ்வண்டிகள் பெரும்பாலும் ஓடும் வேகம் முழுவதுமே இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. வேலைக்காக நாள் முழுவதும் ஓட்டுவோருக்கு இது வசதிக்குறைவு மட்டுமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த பணியிட அதிர்வு உத்தரவு, எட்டு மணிநேர வேலைக்கு முழு உடல் அதிர்வின் உச்சவரம்பை 1.15 மீ/நொடி² என்றும், 0.5ஐத் தாண்டினாலே வேலை அளிப்பவர் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறது.

ஆகவே தேடலைச் சக்கரத்திலிருந்து தொடங்குவதே முறை. செலவு குறைவு என்பதும் அதற்கொரு காரணம். புது வண்டி தொழிற்சாலையிலிருந்து சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டப்பட்டு வருகிறது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்ற டயரில், அதன் உட்புற நைலான் இழைகள் அந்த வடிவிலேயே படிந்து, தரை தொட்ட பகுதி தட்டையாகிவிடும். முதல் சில கிலோமீட்டரில் 'தட், தட்' என்று உணரப்படும் இந்தக் குலுக்கல் டயர் சூடேறியதும் குறைந்து, சில ஓட்டங்களில் மறைந்துவிடும். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்ற மறுமொழி முழுமையாகப் பொருந்தும் இடம் இது. காலையில் குலுங்கி, அரைமணி நேரத்தில் அடங்கி, மறுநாள் காலை மீண்டும் குலுங்கும் வண்டியில் வேறு எதையும் கழற்றாமல் பொறுத்திருக்கலாம்.

பொறுத்திருந்தும் பயனில்லாத ஒன்று, டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமை. டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய வரி வார்க்கப்பட்டிருக்கும். ரிம்முக்கும் அந்த வரிக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வரி ரிம்முக்குள் மறைந்திருந்தால் டயர் மையம் தப்பி உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பேலன்ஸிங் எடைகளை ஒட்டினாலும் மையம் தப்பிய டயர் மேலும் கீழுமாகத் துள்ளுவதை நிறுத்தாது. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்பு நீர் தடவி, பக்கச்சுவரில் குறிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் மீண்டும் ஏற்றினால் பெரும்பாலும் தானே வந்து அமர்ந்துவிடும். வீல் நட்டுகளின் இறுக்கமும் இங்கே கவனத்துக்குரியது. இவ்வகை வண்டிகளில் சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது பெரும்பாலும் நட்டுகளின் கூம்பு முனைகளே என்பதால், ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சக்கரம் மையம் விலகிப் பூட்டப்படும். எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சினால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குவதும், முதல் சில மணிநேர ஓட்டத்துக்குப்பின் மறுபடி சரிபார்ப்பதும் தேவை.

வண்டி ஒருமுறை சேற்றில் இறங்கி ஏறிய பிறகு தோன்றும் நடுக்கத்துக்கு, எந்தப் பாகத்தையும் குறைசொல்வதற்கு முன் ரிம்மின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டிக் காய்ந்த ஒரு கிலோ சேறு, மையத்திலிருந்து 16 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சக்கரத்தை ஏறத்தாழ 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுக்கும். இவ்விசை வேகத்தின் இருமடிப்படி வளர்வது, 80 கி.மீ. வேகத்தில் அதே சேறு 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று கழுவப்பட்டிருக்கும் சக்கரத்தின் உட்பக்கத்தில் இந்தச் சேறு இருப்பது, பணிமனைகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் காட்சி.

பூக்கட்டைகள் உயர்ந்த டயர் கெட்டியான தார்ச்சாலையில் எழுப்பும் ரீங்காரம் வேறு வகை. சுற்றளவில் 18 கட்டைகள் இருந்தால் நொடிக்கு 6.6 சுற்றில் அவை 119 முறை தரையை அறைகின்றன. அது உடலைக் குலுக்குவதில்லை, காதில் ஒலிக்கிறது. மண்பாதையில் இறங்கியதும் மறைந்துபோகும் இவ்வொலி பழுதன்று.

குலுக்கல் ஒரு குறுகிய வேக எல்லையில் மட்டும் பெரிதாகி, அதற்கு மேல் ஓட்டினால் குறைந்துவிடுவதைக் கண்டு வியப்போர் உண்டு. வில்லும் டயரின் காற்றும் தாங்கி நிற்கும் சக்கரத் தொகுதிக்கு இயல்பான ஓர் அதிர்வெண் இருக்கிறது. கார்களில் அது பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை அமையும். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணை நெருங்கும்போது சிறு சமனின்மையும் பலமடங்கு பெருகும்; இதுவே ஒத்ததிர்வு. டயரின் காற்றழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ பார்த்தால் குலுக்கல் தோன்றும் வேகம் இடம்பெயரும். இடம்பெயர்ந்தால், காரணம் அழுத்தமன்று, அழுத்தத்தால் வெளிப்பட்ட வேறொரு சமனின்மை என்று பொருள். கையேடு சொல்லும் அழுத்தத்தை விட்டு வேறொன்றில் ஓட்டி நடுக்கத்தை மறைத்துவிட்டு நிறைவடைவது, நோயைவிட்டு வலியை மட்டும் அடக்குவதாகும்.

சக்கரங்கள் ஐயத்திலிருந்து விடுபட்டபின் அடுத்து நிற்பது புரொபெல்லர் ஷாஃப்ட். புது வண்டிகளில் உண்மையான பழுதாக அமைவது பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே நோக்கத் தகுந்தது. இவ்வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னாலோ கீழோ இருப்பதால் பின்சக்கரங்களுக்கு நீண்ட ஷாஃப்ட் தேவைப்படுவதில்லை. முன்சக்கரங்களுக்குத்தான் கியர்ப்பெட்டியிலிருந்து இருக்கைகளுக்கு அடியில் முன்னோக்கி ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. நான்கு பேர் அமரும் நீண்ட வண்டியில் அது இரு துண்டுகளாக, நடுவே ஒரு தாங்கு பேரிங்கோடு அமைந்திருக்கும். அதன் முனைகளில் இருப்பது மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்றும் யூ-ஜாயின்ட் என்றும் சொல்லும் சிலுவை வடிவ இணைப்பு. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கும் இந்த இணைப்புக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு: கோணத்தில் சுழலும்போது, உள்வரும் தண்டு சீராகச் சுழன்றாலும் வெளிச்செல்லும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி இருமுறை பிந்தும். கோணம் 10 பாகையானால் இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1.5 சதவீதம், 20 பாகையானால் 6 சதவீதம், கோணம் இரட்டித்தால் ஏற்றத்தாழ்வு நான்கு மடங்காகிறது. தண்டின் மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொரு சிலுவையை, இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கும்படி பொருத்துவதால் முதல் இணைப்பின் குற்றத்தை இரண்டாவது ஈடுசெய்கிறது. பொருத்தும்போது பல்வரிசையில் ஒரு பல் தவறினாலும் இந்த ஈடு குலைந்துவிடும். நொடிக்கு 26 முறை சுற்றும் ஷாஃப்ட் அப்போது 52 ஹெர்ட்ஸில் தரைத்தகட்டை நடுக்கும், அது பாதத்தில் குறுகுறுப்பாகத் தெரியும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. நான்கு சக்கர இயக்கத்திலிருந்து இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றிப் பார்த்து, நடுக்கம் நீங்கவில்லை என்றால் முன் ஷாஃப்ட் குற்றமற்றது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் பல வடிவமைப்புகளில் முன்சக்கரங்களுக்கான தொடர்பு துண்டிக்கப்படுவது கியர்ப்பெட்டியில் அன்று, முன் டிஃபரன்ஷியலில். ஆகவே இரு சக்கர இயக்கத்திலும் ஷாஃப்ட் வெறுமனே சுழன்றுகொண்டே இருக்கிறது. சுமையின்றிச் சுழலும்போது அதன் தளர்வு கூடுதலாகக் குலுங்குவதும் உண்டு. தெளிவான விடை வேண்டுமானால் வடிவமைப்பு இடம்கொடுக்கும் வண்டிகளில் பணிமனையில் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை இல்லை. நடுத் தாங்கு பேரிங்கின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா, தொழிற்சாலையில் ஒட்டிய சமன்எடை பிய்ந்து விழுந்த தடம் தண்டில் இருக்கிறதா என்பவை கழற்றாமலே கண்ணால் பார்க்கக் கூடியவை.

சக்கரத்தை நேரடியாகச் சுழற்றும் பக்க அச்சுகளில் சிலுவை இணைப்பு பயன்படாது. திரும்பும் சக்கரத்துக்கு எந்தக் கோணத்திலும் சீராகச் சுழலும் இணைப்பு வேண்டும். 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா உருவாக்கிய, எஃகு உருண்டைகள் பள்ளங்களில் ஓடும் இணைப்பு அதற்குப் பயன்படுகிறது. அச்சின் உள்முனையிலோ, நீளமும் மாற வேண்டியிருப்பதால், மூன்று கால்களில் உருளைகள் கொண்ட வேறொரு இணைப்பைப் பொருத்துவது உண்டு. அதன் மூன்று கால்களும் பெருங்கோணத்தில், சுமையோடு சுழலும்போது சுற்றுக்கு மூன்று முறை அச்சை நீளவாக்கில் தள்ளும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டால் உடனே மறையும் பக்கவாட்டு நடுக்கத்தின் விளக்கம் இதில் இருக்கக்கூடும். வண்டியை உயர்த்துவதற்கென்று வாங்கிய அன்றே கூடுதல் உயரக் கருவிகளைப் பொருத்துவோர், இந்தக் கோணத்தைத் தாங்களே பெரிதாக்கிக்கொண்டு பிறகு தயாரிப்பாளரிடம் முறையிடுவதை நியாயமென்று சொல்ல முடியாது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைச் சுழற்றிப் பார்க்கும் சோதனையும் இதே காரணத்தால் ஏமாற்றும்: சக்கரங்கள் தொங்கும்போது அச்சுகளின் கோணம் தரையில் ஒருபோதும் வராத அளவுக்குச் சரிந்து, நல்ல இணைப்பும் தட்டி ஒலிக்கும். சட்டத்தைத் தாங்காமல் சக்கரங்களைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகளின் அடியில் ஸ்டாண்டு வைத்து, வண்டி நிற்கும் உயரத்திலேயே சோதிப்பதே பொருத்தம். ஓடும் சக்கரங்களின் அருகே எவரும் நிற்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நகரத் தொடங்கும் தருணத்தில் மட்டும் எழும் உதறல் சி.வி.டி. பெல்ட்டைச் சேர்ந்தது. கப்பித் தகடுகளில் படிந்த தூசு, புதுப் பெல்ட்டின் மேற்பரப்பு இன்னும் படியாமை ஆகியன பொதுவான காரணங்கள். முதல் சில மணிநேரம் கடுஞ்சுமை ஏற்றாமல், ஒரே வேகத்தில் ஓட்டாமல் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லும் கையேட்டு அறிவுரை இதற்காகவே. ஓட ஓடச் சரியாகும் இரண்டாவது வகை இது. ஆனால் சேற்றில் சிக்கிய வண்டியை வேகக் கியரிலேயே வைத்து அழுத்தி மிதித்தவரின் பெல்ட், ஓடாமல் நின்ற இடத்திலேயே கப்பியால் தேய்க்கப்பட்டு ஓரிடத்தில் இடுப்புச் சிறுத்துப்போயிருக்கும். அந்த இடம் கப்பியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல் கேட்கும். அதற்கு மாற்றுப் பெல்ட்டைத் தவிர மருந்தில்லை.

எஞ்சினைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஒற்றை அல்லது இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் மெதுவாக இயங்கும்போது கூண்டும் கதவும் நடுங்குவது, உள்ளே சமன்தண்டு இருந்தாலும், அதன் இயல்பு. ஒரே மாதிரி வண்டி இன்னொன்றில் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்தால் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். இவ்வகைக்குள் விலகி நிற்கும் வண்டிகளும் உண்டு: மஹிந்திரா நிறுவனம் 2018இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெளியிட்ட ரோக்ஸர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் பட்டை வில்களும் கொண்டது. பெல்ட் இல்லாததால், எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்தறிய அதில் ஒரே வேகத்தை இருவேறு கியர்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஊகத்தைக் குறைக்க விரும்புவோருக்கு இன்று கைப்பேசியே போதும். அதிலுள்ள முடுக்கமானி நொடிக்கு 100 முறை பதிவுசெய்தால் 50 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைப் பிரித்துக் காட்டும். சக்கரத்தையும் பக்க அச்சுகளையும் அடையாளம் காண அது தாராளம், ஷாஃப்டின் இரட்டை அதிர்வுக்குத்தான் சற்று எட்டாது. கைப்பேசியை இருக்கைக்கு அடியிலுள்ள உலோகச் சட்டத்தில் அசையாமல் ஒட்டி, வேகத்தையும் எஞ்சின் சுற்றையும் அருகிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். "வண்டி நடுங்குகிறது" என்று மட்டும் எழுதிய முறையீட்டை விற்பனையகம் திருப்பியனுப்புவது எளிது. 48 முதல் 54 கி.மீ. வரை, எஞ்சின் சுற்று எதுவானாலும், 6.6 ஹெர்ட்ஸில், டயர்களை முன்பின் மாற்றியபின் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம்மாறியது என்று எழுதினால், மெக்கானிக் எந்தச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். உத்தரவாதக் காலத்தில் அந்தத் தாளின் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் நாளும் வாங்கி வைத்துக்கொள்வது, டயர்களையோ அச்சுகளையோ சொந்தச் செலவில் மாற்றத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.